புது வௌவால் வைரஸா, பழைய ரேபிஸா: எந்தச் சோதனையை முதலில் செய்வது?

போன வியாழக்கிழமை, ஆரணிப் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில், இலுப்பை மரத்தடியில் ஒரு பெரிய பழந்தின்னி வௌவால் விழுந்து கிடந்தது. பதினோரு மணி வெயில். பறக்க முடியாமல் இறக்கையைத் தரையில் ஊன்றி ஊன்றி நகர்ந்திருக்கிறது. ஆடு ஓட்டிக்கொண்டு போன பத்து வயதுப் பையன் பாவம் பார்த்து அதை இரண்டு கையாலும் தூக்கி மரத்தில் தொங்கவிடப் போயிருக்கிறான், அது கட்டை விரலில் கீறிவிட்டது. பொழுது சாய்வதற்குள் வௌவாலும் செத்துப்போனது.

கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிற அண்ணன் மகள் அன்று ராத்திரியே போன் செய்தாள். "சித்தப்பா, இதை எங்க அனுப்பறது? கூடப் படிக்கிறவங்க நேரா முழு ஜீனோம் சீக்வென்சிங் பண்ணிடலாம்னு சொல்றாங்க. புது வைரஸா இருந்தா அதுல தெரிஞ்சிடும்ல?" வைரஸின் மரபு எழுத்துகள் முழுவதையும் படிப்பதுதான் அந்த சீக்வென்சிங். நான் முப்பது வருஷம் வேலூரில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவளுக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ ஜவ்வாது மலை அடிவாரத்திலோ நாளைக்கு இன்னொருவர் கையில் இதே கேள்வி வரும், அப்போது முதல் இருபத்து நாலு மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம்.

நான் முதலில் கேட்டது பையனைப் பற்றி. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினார்களா, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்களா என்று. வௌவாலின் நேரடித் தொடுதலையே உலக சுகாதார நிறுவனம் ஆபத்து மிகுந்த மூன்றாம் வகையில் வைத்திருக்கிறது, அதாவது தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி, ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. ஆய்வுக்கூடத்திலிருந்து என்ன பதில் வருகிறது, எப்போது வருகிறது என்று இதற்குக் காத்திருக்கவே கூடாது. போட்டுவிட்டார்கள் என்று சொன்னாள். சரி, அப்புறம்தான் வௌவாலுக்கு வந்தோம்.

ரேபிஸ் என்றால் நமக்கு நாய்தான், நம் நாட்டில் ரேபிஸ் சாவுகளில் ஆகப் பெரும்பாலானவை நாய்க்கடியால் வருபவைதான். ஆனால் ரேபிஸ் வைரஸ் தனி ஆள் இல்லை. லிஸ்ஸா வைரஸ் என்ற பேரினத்தில் அதற்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட பங்காளிகள் இருக்கிறார்கள், மொக்கோலா, இக்கோமா என்ற இரண்டைத் தவிர எல்லாமே வௌவாலோடு தொடர்புள்ளவை. 1956-இல் நைஜீரியாவின் லாகோஸில் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள், அது ரேபிஸின் உறவு என்று உறுதியாகத் தெரிய 1970 வரை ஆயிற்று. 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கறுப்புப் பழந்தின்னியில் இன்னொன்று கிடைத்தது, அதே வருஷம் அங்கே வௌவால்களைப் பராமரித்து வந்த ஒரு பெண் அந்த வைரஸால் இறந்துபோனார். நமக்கு மிகப் பக்கத்தில் கிடைத்தது இலங்கையில். பேராதனைக்கு அருகேயுள்ள கன்னொறுவையின் பெயரில் 2016-இல் அறிவித்த அந்த வைரஸ் இருந்தது நம் இலுப்பை மரத்தில் தொங்குகிற அதே இனப் பழந்தின்னியில். நாகாலாந்து வௌவால்கள் சிலவற்றின் இரத்தத்தில் ரேபிஸ் வைரஸை முறிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருப்பதாக 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. அதனால் ஆரணியில் விழுந்த வௌவாலைச் சும்மா புதைத்துவிடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி அவள் கேட்ட கேள்வி. எந்தச் சோதனை என்று முடிவு செய்வதற்கு முன்னால் மூளையை எதில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும், பலர் கோட்டை விடுகிற இடம் இதுதான். நானும் விட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கோயில் மண்டபத்தில் விழுந்த பூச்சித்தின்னி வௌவால் ஒன்று எங்களிடம் வந்தது. அப்போது எல்லாத் திசுவையும் ஃபார்மலினில் போடுவதுதான் பழக்கம், நானும் மூளை முழுவதையும் அதில் போட்டு மூடி வைத்துவிட்டேன். சாயம் ஏற்றிப் பார்த்ததில் தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. பல வருஷம் கழித்து பி.சி.ஆர். வசதி வந்தபோது அந்தப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன், வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிப் போயிருந்தது. அது என்னவாக இருந்தது என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது, அதற்குக் காரணம் நான்.

ஃபார்மலினின் நல்ல குணம், வைரஸ் செத்துவிடும், யாருக்கும் ஆபத்தில்லை, திசுவின் உருவம் கெடாது. ஆனால் புது வைரஸா என்று கேட்கிறவருக்கு அது முக்கால்வாசிக் கதவை அடைத்துவிடும். ஐஸில் வைப்பது எல்லாச் சோதனைக்கும் ஏற்றது, ஆனால் வேலூர் சித்திரை வெயிலில் ஐஸ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும், பாதி வழியில் உருகித் திரும்ப உறைய வைத்தால் அதுவும் கெடுதல். ஐம்பது சதவீத கிளிசரின் கலந்த உப்புநீர் பழங்கால முறை என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள், நான் ஒதுக்க மாட்டேன். வெயிலைச் சில நாள் தாங்கும், வைரஸும் உயிரோடு இருக்கும், சோதனைக்கு முன்னால் நன்றாகக் கழுவினால் போதும். ஆர்.என்.ஏ.வைக் காப்பதற்கென்றே வருகிற தடித்த காகித அட்டைகளில் மூளைத் திசுவைத் தேய்த்துக் காயவைத்தால் வைரஸ் செயலிழந்துவிடும், ஆர்.என்.ஏ. மட்டும் இருக்கும், அனுப்புவது சுலபம், ஆனால் அதிலிருந்து வைரஸை வளர்க்க முடியாது.

என் தேர்வு: மண்டையோட்டை ஊரில் யாரும் திறக்கவே வேண்டாம். வௌவாலை முழுசாக, மூன்றடுக்குப் பெட்டியில், ஐஸ் வைத்து, மறுநாளே அனுப்பு. திறக்கிறவர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டு, இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 0.5 அலகுக்கு மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டவராக இருக்க வேண்டும், மாணவியான நீ இன்னும் அதைச் செய்யவில்லை. அங்கே மூளைத்தண்டும் சிறுமூளையும் எடுத்துப் பங்கு போடுவார்கள், ஒரு பங்கு உடனே பார்க்க, ஒன்று ஆழ்குளிரில், ஒன்று கிளிசரினில். பழந்தின்னிக்கு மூளை பெரிது, பங்கு போதும். மண்டபத்து வௌவாலின் மூளை ஒரு புளியங்கொட்டை அளவுகூட இருக்காது, அதில் எதற்கு எவ்வளவு என்று முன்னாலேயே யோசித்துவிட வேண்டும். உடலையும் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல். முன்கை எலும்பின் நீளம், காது, பல், தேவைப்பட்டால் மைட்டோகாண்ட்ரியா மரபணு, இதையெல்லாம் வைத்து இது எந்த வௌவால் என்று உறுதி செய்யாவிட்டால் நாளைக்கு வைரஸுக்குப் பெயர் வைத்தாலும் அது யாருடைய வைரஸ் என்று தெரியாது.

எங்கே அனுப்புவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சென்னையில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆரணியிலிருந்து அதுதான் பக்கம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனித ரேபிஸுக்கும், ஹெப்பாளில் உள்ள கால்நடை ரேபிஸ் ஆய்வகம் விலங்கு ரேபிஸுக்கும் பெயர் பெற்றவை. நாயாக இருந்தால் சென்னை போதும் என்பேன். வௌவால் என்பதாலும், ரேபிஸின் உறவு வைரஸ்களைப் பிரித்துப் பார்க்கிற அனுபவம் வேண்டும் என்பதாலும் பெங்களூர் என்றேன்.

இப்போது சோதனைகள். ஃபுளோரசன்ஸ் சோதனை பழசுதான், ஆனால் இன்றைக்கும் அதுதான் அளவுகோல். மூளையைக் கண்ணாடித் தகட்டில் அப்பி, அசிட்டோனில் பதப்படுத்தி, ஒளிரும் சாயம் ஒட்டிய எதிர்ப்புப் புரதத்தை ஊற்றிக் கழுவிப் பார்த்தால் ஆப்பிள் பச்சையில் புள்ளி புள்ளியாக மின்னும். இதில் தேடுவது வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோ புரதத்தை. அது இந்தப் பேரினம் முழுவதிலும் அதிகம் மாறாதது என்பதால் ரேபிஸாக இருந்தாலும் லாகோஸ் வகையாக இருந்தாலும் மின்னும். சில மணி நேரத்தில் பதில். குறை என்னவென்றால் லிஸ்ஸா வைரஸ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எது என்று சொல்லாது. மூளை அழுகியிருந்தால் இல்லை என்று பொய்யும் சொல்லிவிடும். 1903-இல் நெக்ரி கண்ட அந்தச் சிவப்புத் திட்டுகளைச் சாயத்தில் தேடுவது இதைவிடப் பலவீனமானது, ரேபிஸ் உள்ள மூளையிலேயே பல தடவை அவை தெரியாது. என் ஃபார்மலின் புட்டியில் நான் நம்பியிருந்தது அதைத்தான்.

பி.சி.ஆர். அழுகிய மூளையிலும் ஓரளவு வேலை செய்யும், அதுதான் அதன் பெரிய பலம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, புது வைரஸ் தேடுகிறவர் இதைக் கண்டிப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும். பி.சி.ஆரில் நாம் போடுகிற பிரைமர் ஏற்கெனவே தெரிந்த வரிசைக்கு ஏற்ப வெட்டிய சாவி. நம் நாட்டு நாய் ரேபிஸுக்கு என்று செய்த பிரைமரைப் போட்டால் நாய் ரேபிஸ் திறக்கும், தூரத்து உறவு திறக்காது. இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம், உண்மையில் அது இருந்திருக்கும். அதனால் பேரினம் முழுவதற்கும் பொதுவாக வடிவமைத்த பிரைமர்தான் வேண்டும். நியூக்ளியோ மரபணுவின் தொடக்கத்தையும் அதற்கு முந்தைய பகுதியையும் குறிவைக்கும் எல்.என்.34 என்ற சோதனை இப்போது பல நாடுகளில் பயன்படுகிறது. அதுவும் ஃபுளோரசன்ஸும் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். ஒன்று ஆம், ஒன்று இல்லை என்றால், எனக்கு அப்போதுதான் ஆர்வம் கூடும். ஃபுளோரசன்ஸில் மின்னி பி.சி.ஆரில் வராத மூளையைத்தான் நான் முதலில் சீக்வென்சிங்குக்கு அனுப்புவேன்.

வைரஸை வளர்ப்பது மூன்றாவது வழி. முன்பு எலிக்குஞ்சின் மூளையில் செலுத்தி 28 நாள் பார்ப்பார்கள், இப்போது நரம்புக்கட்டி செல்களில் சில நாளில் பார்த்துவிடலாம். உயிருள்ள வைரஸ் கையில் இருந்தால்தான் நம் தடுப்பூசி அதை முறிக்கிறதா என்று நேரடியாகச் சோதிக்க முடியும், அது மற்ற எந்த முறையிலும் முழுமையாகக் கிடைக்காது. ஆனால் பாதுகாப்பான கூடமும் பழகிய ஆட்களும் இல்லாத இடத்தில் இதை ஆரம்பிக்கவே கூடாது, அண்ணன் மகள் கல்லூரிக் கூடத்திலேயே செய்யலாமா என்று கேட்டபோது நான் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன்.

அப்புறம் அவள் நண்பர்கள் சொன்ன நேரடி முழு ஜீனோம். ஆசை நியாயமானது. எதையும் முன்கூட்டி எதிர்பார்க்காமல் மூளையில் உள்ள எல்லா ஆர்.என்.ஏ.வையும் படித்தால், தேடாததும் கிடைக்கும். ஆனால் அந்தப் படிப்பில் ஆகப் பெரும்பங்கு வௌவாலின் சொந்த ஆர்.என்.ஏ.தான் வரும், வைரஸ் அதில் வைக்கோல் போரில் விழுந்த ஊசி. மாதிரி கெட்டிருந்தால் துண்டு துண்டாக வரும். செலவும் கணினி வேலையும் அதிகம், பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், ஒரு மாதிரியிலிருந்து இன்னொன்றுக்குக் கலப்பு நேர்ந்தாலும் புதுசு மாதிரியே தெரியும். ஃபுளோரசன்ஸில் ஆம் என்று வந்த மூளைக்கு இது மிகச் சிறந்த அடுத்த படி. ஒன்றுமே பார்க்காத மூளைக்கு இது முதல் படியாக இருக்கக் கூடாது.

சரி, வரிசை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். புது இனமா பழசா என்று எதை வைத்துச் சொல்வது? இதிலும் வழிகள் உண்டு. நியூக்ளியோ மரபணுவில் நானூறு எழுத்து மட்டும் படித்துப் பழைய வரிசைகளோடு ஒப்பிடுவது மலிவு, ஆனால் அதை வைத்துப் புது இனம் என்று அறிவிப்பது அவசரம். அந்த மரபணு முழுவதையும், ரேபிஸில் அது 1,353 எழுத்து, படித்தால் நிலம் கொஞ்சம் உறுதியாகும். வைரஸ்களுக்கான சர்வதேச வகைப்பாட்டுக் குழு லிஸ்ஸா வைரஸ்களுக்கு வைத்திருக்கும் கோடு ஏறத்தாழ இதுதான்: முழு நியூக்ளியோ மரபணுவில் எழுத்து ஒற்றுமை 80 முதல் 82 சதவீதத்துக்குக் கீழே போனால், அல்லது வைரஸின் ஐந்து மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கையில் 80, 81 சதவீதத்துக்குக் கீழே போனால், தனி இனமாகக் கருதலாம். ஆனால் அந்தக் குழுவே எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. வம்சாவளி மரத்தில் எந்தக் கிளையில் உட்காருகிறது, எதிர்ப்புப் புரதங்களோடு எப்படிப் பிடிக்கிறது, எந்த விலங்கில், எந்த நிலப்பகுதியில் சுற்றுகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லாகோஸ் வைரஸே சாட்சி. அதற்குள்ளேயே பல கிளைகள், அவற்றில் ஒன்று மற்றவற்றிலிருந்து ஏறக்குறைய அந்தக் கோட்டளவுக்கே விலகி நிற்கிறது. அதைப் பிரித்து டக்கார் வௌவால் வைரஸ் என்று தனிப் பெயர் வைக்கலாம் என்று சிலர் முன்மொழிந்தார்கள், ஆனாலும் அது லாகோஸ் இனத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. விலங்கை மட்டும் நம்பினாலும் தவறும். இக்கோமா வைரஸ் 2009-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஒரு குழந்தையைக் கடித்த புனுகுப் பூனையில் கிடைத்தது. புனுகுப் பூனையின் வைரஸ் என்று உடனே எழுதியிருந்தால் தவறாகியிருக்கும், வம்சாவளி மரத்தில் அதன் பக்கத்து உறவுகள் எல்லாம் வௌவால் வைரஸ்கள், எங்கோ ஒரு வௌவாலிலிருந்து அதற்கு வந்திருக்கலாம் என்றே கருதுகிறார்கள். பின்லாந்தில் ஒரே ஒரு வௌவாலில் கண்ட கோட்டலாத்தி வைரஸை முதலில் 'உத்தேசப் புது லிஸ்ஸா வைரஸ்' என்றுதான் எழுதினார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆரணி வௌவாலில் ஏதாவது வந்தாலும் முதல் தாளில் அந்த வார்த்தை இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊர்க்காரனாக எனக்கு இனப் பெயரைவிடப் பெரிய கேள்வி வேறு. இந்த வைரஸ்களை எதிர்ப்புச் சக்தியின் பார்வையில் பெருங்குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ரேபிஸ், ஆஸ்திரேலிய வௌவால் வைரஸ், இலங்கையின் கன்னொறுவை எல்லாம் முதல் குழு. லாகோஸ், மொக்கோலா, ஷிமோனி இரண்டாவது. மேற்கு காக்கேசிய வைரஸ், இக்கோமா, யேய்தா போன்றவை அதற்கும் அப்பால். நாம் போடுகிற தடுப்பூசிகள் எல்லாம் ரேபிஸ் வைரஸிலிருந்து செய்தவை, அவை முதல் குழுவுக்கு எதிராகப் பொதுவாகக் காப்பாற்றும், மற்றவற்றிடம் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. அதனால் புது வைரஸ் ஒன்று வந்தால் அது பதினெட்டாவதா இருபதாவதா என்பதை மெதுவாகப் பேசிக்கொள்ளலாம், வைரஸின் மேலுறைப் புரதமான கிளைக்கோ புரதத்தின் மரபணுவை மட்டும் உடனே படித்து எந்தக் குழுப் பக்கம் சாய்கிறது என்று மருத்துவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நியூக்ளியோ மரபணு வகைப்பாட்டுக்கு, கிளைக்கோ மரபணு ஊசிக்கு. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பலர் முதலாவதை எடுப்பார்கள், கட்டுரை எழுத அதுதான் உதவும். ஒரு பையன் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோது நான் இரண்டாவதை எடுப்பேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னொறுவை, கோட்டலாத்தி, யேய்தா எல்லாம் ஊர்ப் பெயர்கள். நமக்கும் இது புதிதில்லை, நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கொசுவிலும் பறவையிலும் கண்ட வைரஸ்களுக்கு வேலூர் வைரஸ், கம்மவான்பேட்டை வைரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கேள்விப்பட்ட ஊர்க்காரர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அந்தக் காலம் வேறு. இன்றைக்கு ஒரு கிராமத்தின் பெயரோடு வௌவால் ரேபிஸ் என்று போனில் பரவினால் அந்த ஊர்ப் பாலை யாரும் வாங்க மாட்டார்கள். நோய்களுக்கு ஊர்ப் பெயர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2015-இல் சொல்லிவிட்டது, வைரஸுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

மரத்தை வெட்டு, புகை போடு என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, இதையும் அவள் சொன்னாள். கலைத்துவிட்டால் இருநூறு வௌவாலும் பக்கத்து ஊருக்குப் போகும், பதறிய வௌவால்தான் கீழே விழும், கீழே விழுந்ததைத்தான் பிள்ளைகள் தூக்குவார்கள். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று பிடித்துச் சுட்டுத் தின்கிறவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து, அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பேசலாம். வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த இலுப்பையை நட்டது யாரென்று யாருக்கும் நினைவில்லை, பழந்தின்னி போட்ட கொட்டையாகக்கூட இருக்கலாம்.

வௌவால் வெள்ளிக்கிழமையே ஐஸ் பெட்டியில் பெங்களூர் போய்விட்டது. முதலில் ஃபுளோரசன்ஸ், கூடவே பொது பி.சி.ஆர்., ஆம் என்றால் மட்டும் முழு ஜீனோம் என்று கடிதத்தில் எழுதி அனுப்பச் சொன்னேன், அப்படியே எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை. பையனுக்கு நாளை ஏழாம் நாள், மூன்றாவது ஊசி. அவன் அப்பா நாளைக்கு நடவு இருக்கிறது என்கிறாராம், அதனால் காலை முதல் பஸ்ஸில் நானே ஆரணிக்குப் போகிறேன்.